எடுத்துப் பார்த்த பணம்

அத்தியாயம் 14

சட்டைக்குப் பட்டன் தைக்கும் பட்டன் அக்காவின் பேங்க் கணக்கில் எண்ணூறு ரூபாய் குறைந்து ஆறு நாள் ஆகிவிட்டது. அந்த ஆறு நாளும் அண்ணி வீட்டில் இருந்த நேரமெல்லாம் பாப்பாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாப்பா என்றால் குழந்தை இல்லை. முப்பத்திரண்டு வயது. புருஷன் வேண்டாம் என்று ஒரு பெட்டியோடு அண்ணன் வீட்டுக்கு வந்து நான்கு வருஷம் ஆகிறது. அண்ணன் இன்னும் பாப்பா என்றே கூப்பிடுகிறார். அதனால் அவர் மனைவியும். அந்த மனைவியைப் பாப்பா அண்ணி என்று கூப்பிட, அதைக் கேட்டுக் கேட்டுத் தெருவே அவளுக்கு அண்ணி என்று பெயர் வைத்துவிட்டது. அவளைவிடப் பத்து வயது மூத்த பட்டன் அக்காவுக்கும் அவள் அண்ணிதான்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு பேங்க் பாப்பாவிடம் ஒரு சின்ன மிஷினைக் கொடுத்து, இனி உங்கள் தெருவுக்கு நீங்கள்தான் ஏஜென்ட் என்றது. விரலை வைத்தால் பச்சை விளக்கு எரியும். பணம் போடலாம், எடுக்கலாம். தையல் கடை வாசலில் ஒரு மேஜை, ஒரு நாற்காலி, பாப்பா.

பேங்க் கிளைக்குப் போக இரண்டு பஸ் மாற வேண்டும். போனாலும் வாடகை ரசீது எங்கே, கையெழுத்து எங்கே என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். வீடு பெருக்குகிறவர்கள், மூட்டை தூக்குகிறவர்கள், துணி வெளுக்கிறவர்கள் இருக்கும் தெருவில் யாரிடம் ரசீது இருக்கும்? அவர்கள் பணம் இத்தனை நாளும் மளிகைக்கடைக்காரரின் டப்பாவில் இருந்தது. பத்திரமாக வைத்திருப்பதற்காக அவர் நூற்றுக்கு மூன்று எடுத்துக்கொள்வார். அவசரம் என்று போய்க் கேட்டால் நாளைக்கு வா என்பார்.

பாப்பா தனியாகப் போயிருந்தால் ஒருத்தரும் கதவைத் திறந்திருக்க மாட்டார்கள். அண்ணி கூடப் போனாள். "என் நாத்தனார். நான் பொறுப்பு" என்றாள். நாற்பத்தொரு பேர் விரல் வைத்தார்கள்.

அந்த "நான் பொறுப்பு" இப்போது அவள் தலையில் வந்து விழுந்தது.

*

காலையில் பாப்பா வாசலில் உட்கார்ந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள்.

"செருப்பு புதுசா?" என்றாள் அண்ணி, தண்ணீர்க் குடத்தை இறக்கிக்கொண்டே.

"பழசு அறுந்துடுச்சு."

"எப்ப வாங்கினே?"

பாப்பா நிமிர்ந்தாள். "போன வாரம். விலையும் சொல்லணுமா?"

"கேட்டா சொல்ல மாட்டியா?"

"கேக்கற மாதிரி கேட்டா சொல்லுவேன் அண்ணி. நீங்க சோதனை போடறீங்க."

உள்ளே வேன்காரர் டீ குடித்துக்கொண்டிருந்தார். அண்ணியின் புருஷன். பார்சல் வேன் ஓட்டுகிறவர். இரண்டு பெண்களும் பேச ஆரம்பித்தால் டம்ளருக்குள் முகத்தை வைத்துக்கொள்வது அவர் வழக்கம்.

"நீங்க ஒரு வார்த்தை கேக்க மாட்டீங்களா?" என்றாள் அண்ணி.

"என்னத்தைக் கேக்க? அவ எடுக்கலை."

"எப்படித் தெரியும்?"

"தெரியும்."

"அதான், எப்படி?"

"உனக்குக் காலையில யாரோடயாவது மல்லுக்கட்டலைன்னா பொழுது விடியாது." பாதி டீயை அப்படியே வைத்துவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

இத்தனை வருஷத்தில் அவர் டீயை மிச்சம் வைத்து அண்ணி பார்த்ததில்லை. இந்த வீட்டில் எல்லோருக்கும் ஏதோ தெரிந்திருக்கிறது, தனக்கு மட்டும்தான் தெரியவில்லை என்று தோன்றியது. அப்படித் தோன்றிவிட்டால் பிறகு எதைப் பார்த்தாலும் அப்படித்தான் இருக்கும். பாப்பா மிஷினைத் துணியில் சுற்றிப் பையில் வைத்த விதம்கூட, எதையோ மறைப்பது மாதிரி இருந்தது.

பாப்பா தெருமுனை திரும்பியதும் பட்டன் அக்கா வந்தாள். அதுவரை எதிர்வீட்டுச் சுவரோரம் நின்றிருக்க வேண்டும்.

"உன் முகத்துக்காக ஆறு நாள் பொறுத்துட்டேன் அண்ணி. எனக்கு மட்டும் இல்லை. வெளுக்கிற வீட்டுல ஐந்நூறு குறையுது. மூட்டைக்காரருக்கு அறுநூறு. இன்னைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்குத் தெருவே தையல் கடைக்கு வருது."

"வந்து?"

"மிஷினைப் பிடுங்கி போலீசுல குடுக்கறதுன்னு பேச்சு. மளிகைக்கடைக்காரர் டப்பாவைக் கழுவிக் காயப்போட்டு வெச்சிருக்காராம்."

"அதுக்குள்ள கழுவிட்டாரா?"

"நேத்தே."

பாப்பா திருடி என்று ஆகிவிட்டால் அவள் இந்த வீட்டில் இருக்க முடியாது. போக வேறு வீடும் இல்லை. திருடி இல்லை என்று சொல்லவோ அண்ணியிடம் ஆதாரம் இல்லை. அதைவிட மோசம், நம்பிக்கையும் இல்லை.

"அக்கா, நீயும் நானும் பேங்குக்கே போய்க் கேட்டுட்டு வந்துடுவோம். அவங்க வாயால வரட்டும். அதுக்கப்புறம் எதுவானாலும் நான் குறுக்கே நிக்க மாட்டேன்."

பட்டன் அக்கா அவளை மேலும் கீழும் பார்த்தாள். "பஸ்ஸுக்கு யார் குடுப்பா?"

"நான்."

"வர்றப்பவும்?"

"வர்றப்பவும்."

*

சலவைக்கூடத்தில் அரை நாள் லீவு கேட்டால் முக்கால் நாள் சம்பளம் போகும். கேட்டாள். ஹோட்டல் படுக்கை விரிப்புகளைச் சூடான உருளைக்குள் விடுவது அண்ணியின் வேலை. மறுமுனையைப் பிடிக்கிறவள், "அவசரமா? வீட்டுல யாருக்காவது உடம்பா?" என்றாள்.

"உடம்பு நல்லாத்தான் இருக்கு" என்றாள் அண்ணி. கையைத் துடைத்துக்கொண்டு வெளியேறினாள்.

பேங்க் கிளையின் கண்ணாடிக் கதவருகே நின்ற காவலாளி, "உங்க தெருவுக்குத்தான் மிஷின் குடுத்தாச்சே, இங்க எதுக்கு?" என்றார்.

"அந்த மிஷினைப் பத்தித்தான்" என்றாள் பட்டன் அக்கா, அவர் கையின் கீழ் குனிந்து உள்ளே போய்க்கொண்டே.

ஆபீசர் ஒரு சின்னப் பெண். பெரிய கண்ணாடி போட்டிருந்தாள். பட்டன் அக்காவின் விரலை வைக்கச் சொன்னாள். திரையைப் பார்த்தாள். பிறகு பட்டன் அக்காவைப் பார்த்தாள். பிரிண்டர் ஒரு தாளைத் துப்பியது. இன்னொன்று. இன்னொன்று. நான்காவது தாள் வந்ததும் ஆபீசர் எழுந்து போய் அறைக்கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"நீங்க என்ன தொழில் பண்றீங்க?"

"பட்டன் தைக்கறேன்."

"பட்டன் மட்டும்தானா?"

"பட்டன் ஓட்டைக்குக் காஜாவும் எடுப்பேன்."

"வேற ஏதாவது? கொடுக்கல் வாங்கல்?"

"கொடுக்க என்கிட்ட என்ன இருக்கு?"

ஆபீசர் தாளைத் திருப்பி வைத்தாள். "தினமும் சாயங்காலம் மொத்தப் பணத்தையும் எடுக்கறீங்க. மறுநாள் காலையில அதே பணத்தைத் திரும்பப் போடறீங்க. ஞாயித்துக்கிழமை மட்டும் இல்லை."

"ஞாயித்துக்கிழமை பாப்பா வராது."

"ராத்திரி அந்தப் பணம் எங்க போகுது? யார்கிட்டக் குடுத்து வாங்கறீங்க?"

"எங்கயும் போகாது. தலகாணிக்கு அடியிலதான் இருக்கும்."

"அப்ப எதுக்கு எடுக்கறீங்க?"

"பாக்கத்தான்."

"எதைப் பாக்க?"

இவ்வளவு படித்த பெண்ணுக்கு இதுகூடப் புரியவில்லையே என்று பட்டன் அக்கா அண்ணியைத் திரும்பிப் பார்த்தாள். "பணத்தைத்தான்ம்மா. இருக்கா, போயிடுச்சான்னு. எடுத்து எண்ணிப் பாப்பேன். சரியா இருந்தா காலையில போட்டுடுவேன்."

ஆபீசர் கண்ணாடியைக் கழற்றினாள்.

"உங்க தெருவுல முப்பது கணக்கு இதே மாதிரி இருக்கு" என்றாள் கடைசியில். "கறுப்புப் பணத்தை யாரோ உங்க பேர்ல சுத்த விடறாங்கன்னு நினைச்சோம். மேலிடத்துக்கு எழுதிக்கூடப் போட்டாச்சு."

ஆக, தெரு பாப்பாவைச் சந்தேகப்பட்டது. பேங்க் தெருவையே சந்தேகப்பட்டது. அண்ணிக்குச் சிரிப்பு வரவில்லை.

"எண்ணூறு எங்க போச்சு, அதைச் சொல்லுங்க" என்றாள்.

"மாசம் நாலு தடவை எடுக்கறது இலவசம். அதுக்கு மேல ஒவ்வொரு தடவைக்கும் இருபது. எல்லாத்தையும் சேர்த்துப் போன வாரம்தான் மொத்தமாப் பிடிச்சோம். ரெண்டு மாசத்துல இவங்க நாப்பத்தெட்டு தடவை எடுத்திருக்காங்க. எட்டு போக நாப்பது." ஆபீசர் தாளில் ஒவ்வொரு இருபதின் மேலும் பேனாவால் புள்ளி வைத்துக் காட்டினாள். "யாரும் திருடலை."

"என் பணத்தை நான் பாக்கறதுக்குக் காசா?" என்றாள் பட்டன் அக்கா.

"பாக்கறதுக்குக் காசே இல்லம்மா. இருப்பு எவ்வளவுன்னு மிஷின்ல கேட்டா சீட்டு வரும். அது இலவசம்."

"சீட்டுல எழுதியிருக்கறது பணமா? மளிகைக்கடைக்காரரும் சீட்டுதான் எழுதினார். போய்க் கேட்டா நாளைக்கு வான்னார். எடுத்துப் பாத்தாத்தானே இருக்குன்னு அர்த்தம்?" கையை நீட்டி அண்ணியைக் காட்டினாள். "இவதான் சொன்னா. நம்பிக்கை இல்லைன்னா சாயங்காலம் எடுத்துப் பாரு, காலையில போடு, எப்பக் கேட்டாலும் வரும்னு."

சொன்னது உண்மை. நாற்பத்தொரு வாசலிலும் அண்ணி அதையேதான் சொன்னாள். அந்த வாக்கியத்தைக் கேட்ட பிறகுதான் கதவுகள் திறந்தன. வீட்டுக்கு வந்து அதைப் பெருமையாகப் புருஷனிடம் சொல்லியும் இருக்கிறாள்.

பாப்பா திருடவில்லை. அண்ணி நன்றி சொல்லிவிட்டு எழுந்தாள்.

"ஆனா ஏஜென்ட் இதைச் சொல்லியிருக்கணுமே" என்றாள் ஆபீசர், தாள்களை மடித்துக் கொடுத்தபடி. "கட்டணம் எவ்வளவுன்னு ஒரு போர்டு குடுத்திருக்கோம். மாட்டலையா? அவங்களுக்குத் தெரியாம இருக்காது. எடுத்தாலும் போட்டாலும் ஒவ்வொரு தடவையும் அவங்களுக்குக் கமிஷன் போகுது."

பஸ்ஸில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். இரண்டாவது பஸ் மாறியதும் பட்டன் அக்கா ஒரு விரலை மடக்கினாள். "எடுத்தா ஒண்ணு." இன்னொரு விரலை மடக்கினாள். "போட்டா ஒண்ணு." பிறகு வழி முழுக்க ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். இறங்கியதும் தாள்களை வாங்கிக்கொண்டு தன் வீட்டுப் பக்கம் போனாள்.

*

தையல் கடை வாசலில் பாப்பா மட்டும் இருந்தாள். தையல்காரர் உள்ளே தலை குனிந்து தைத்துக்கொண்டிருந்தார். அண்ணி சுவரைப் பார்த்தாள். மூன்று சுவரையும் பார்த்தாள்.

"என்ன தேடறீங்க?"

"போர்டு."

பாப்பாவின் முகம் மாறவில்லை. அதுதான் அண்ணியை உறுத்தியது. "மாட்டியிருக்கேனே."

"எங்க?"

பாப்பா கண்ணால் காட்டினாள். சுவர் ஆணியில், அளவு பார்க்க யாரோ கொடுத்த ஒரு பெரிய கோட்டு தொங்கியது. அண்ணி அதை விலக்கினாள். கோட்டுக்குப் பின்னால் போர்டு.

"கோட்டை நான் மாட்டலை" என்றாள் பாப்பா.

"எடுக்கவும் இல்லை."

உள்ளேயிருந்து தையல்காரர், "ஆணி என்னோடதுதான்" என்றார். சொன்னதும், சொல்லியிருக்க வேண்டாம் என்பது போல தையல் மிஷினை வேகமாக மிதித்தார்.

அண்ணி மேஜையில் கை ஊன்றிக் குனிந்தாள். "எடுத்தா உனக்குக் கமிஷன். போட்டா உனக்குக் கமிஷன். தெரிஞ்சுதான் சும்மா இருந்தியா?"

பாப்பா மேஜையில் இருந்த மைக்கறையைக் கட்டைவிரலால் தேய்த்தாள்.

"மொத மாசம் தெரியாது. ரெண்டாவது மாசம் தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"பட்டன் அக்காகிட்ட எடுக்காதீங்கன்னு ஒரு நாள் சொன்னேன். அவங்க முகத்தைப் பாக்கணுமே அண்ணி. ஏன் எடுக்கக்கூடாது, பணம் இல்லையான்னு கேட்டாங்க. அன்னைக்கு எடுத்தவங்க மூணு நாள் திரும்பப் போடலை. எடுக்காதேன்னு சொன்னா மொத்தமா எடுத்துட்டு டப்பாவுக்கே போயிடுவாங்க. பாத்துப் பாத்து ஒரு நாள் அவங்களாவே நிறுத்துவாங்கன்னு விட்டேன்."

"இருபது இருபதாப் போகுதுன்னாவது சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்லியிருக்கலாம்."

"ஏன் சொல்லலை?"

"எனக்கும் காசு வந்துது" என்றாள் பாப்பா.

அவள் மழுப்பியிருந்தால் அண்ணிக்குச் சுலபமாக இருந்திருக்கும். இதில் எது உண்மை, எது சாக்கு என்று பிரிக்க முடியவில்லை. இரண்டும் ஒரே வாயிலிருந்து ஒரே குரலில் வந்தன.

"இந்தச் செருப்பு அந்தக் காசுதானே?"

"செருப்பை விடுங்க அண்ணி." பாப்பாவின் கண் முதல் முறையாகக் கலங்கியது. "நாற்பத்தொரு வாசல்லயும் எடுத்துப் பாருங்கன்னு சொன்னது யாரு?"

அண்ணி நிமிர்ந்து கோட்டை ஆணியிலிருந்து எடுத்தாள். மடித்துத் தையல்காரரின் மேஜையில் வைத்தாள். போர்டு வெளிச்சத்துக்கு வந்தது. அதற்குள் தெருவில் காலடிச் சத்தம் கேட்க ஆரம்பித்துவிட்டது.

*

முப்பது பேர் இருக்கும். சிலர் வேலைத் துணியோடு வந்திருந்தார்கள். மளிகைக்கடைக்காரர் வரவில்லை, அவர் மனைவி வந்து ஓரமாக நின்றாள். பட்டன் அக்கா நான்கு தாளையும் கையில் வைத்திருந்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் அண்ணி பேசினாள்.

"பணத்தை யாரும் திருடலை. மாசம் நாலு தடவைக்கு மேல எடுத்தா பேங்க் இருபது பிடிக்குது. தினம் எடுத்துப் பாக்கச் சொன்னது நான். எனக்கு விதி தெரியாது. தெரியாம சொன்னேன். தப்பு என் மேல."

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. ஒருத்தருக்கொருத்தர் எத்தனை தடவை எடுத்தோம் என்று விரல் விட்டு எண்ணினார்கள்.

"உனக்குத் தெரியாது, சரி" என்றார் மூட்டைக்காரர். "உன் நாத்தனாருக்கு?"

பாப்பா எழுந்து நின்றாள். "தெரியும். எனக்குக் கமிஷனும் வந்துது. இந்த மாசக் கமிஷனை உங்களுக்கே பிரிச்சுக் குடுத்துடறேன்."

இதை யாரும் எதிர்பார்க்கவில்லை. திட்ட வந்தவர்களுக்குத் திட்டுவதற்கு ஒன்றும் இல்லாமல் போய்விட்டது. மூட்டைக்காரர் தலையைச் சொறிந்தார். யாரோ ஒருவர், இருப்பைக் கேட்டால் இலவசமா என்று போர்டைப் படித்துவிட்டுக் கேட்கக்கூடச் செய்தார். அப்படியே கலைந்திருப்பார்கள்.

பட்டன் அக்கா மட்டும் நகரவில்லை.

"அண்ணியும் நாத்தனாரும் ஒரே வீடு. ஒரே அடுப்பு. ஒருத்தி எடுத்துப் பாருன்னு சொல்லுவா. ஒருத்தி எடுக்க எடுக்கச் சம்பாதிப்பா." குரலை உயர்த்தவே இல்லை. "தெரியாம சொன்னேங்கிறே. உனக்கு அதுல பங்கு இல்லைன்னு நான் எப்படி நம்பறது?"

"பங்கா? எனக்கா?"

"கேக்கறேன். அவ்வளவுதான்."

தெருவுக்கெல்லாம் எடுத்துப் பார்க்கச் சொன்ன அண்ணி, தான் ஒரு நாளும் எடுத்துப் பார்த்ததில்லை. மாதம் பிறந்தால் சலவைக்கூடம் சம்பளத்தைப் போடும். ஒரே தடவையாக வீட்டுச் செலவுக்கு எடுப்பாள். அதன் பிறகு மிஷின் பக்கமே போக மாட்டாள். இந்த மாதமும் ஒன்றாம் தேதிக்குப் பிறகு அவள் விரல் அதில் படவில்லை.

"என் கணக்கைப் பாத்துக்கோ அக்கா. இங்கயே, எல்லார் முன்னாலயும். பாப்பா, மிஷினைக் குடு."

பாப்பா மிஷினைக் கொடுக்கவில்லை. அதன் மேல் கையை வைத்து மூடினாள்.

"அண்ணி, வேண்டாம்."

"ஏன்?"

"வீட்டுக்குப் போய்ப் பாத்துக்கலாம்."

"எனக்கு மறைக்க ஒண்ணும் இல்லை."

"அண்ணி, சொன்னாக் கேளுங்க."

முப்பது பேரும் அந்தக் கையைத்தான் பார்த்தார்கள். இனிப் பின்வாங்க முடியாது. அண்ணி பாப்பாவின் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினாள். தன் விரலை வைத்தாள். பச்சை விளக்கு எரிந்தது. சீட்டு நெளிந்து நெளிந்து வெளியே வந்தது. அவள் அதைத் தொடாமல் தையல்காரரைப் பார்த்தாள். "நீங்க படிங்க. சத்தமா."

தையல்காரர் கண்ணாடியை மூக்கின் மேல் தள்ளினார்.

"ஒண்ணாம் தேதி, சம்பளம் வந்தது. அன்னைக்கே எடுத்தது, நாலாயிரம்."

"வீட்டுச் செலவு" என்றாள் அண்ணி.

"மொத சனிக்கிழமை, போட்டது, ஆயிரத்து இருநூறு."

அண்ணி திரும்பினாள். "என்ன?"

"ரெண்டாவது சனிக்கிழமை, போட்டது, ஆயிரத்து இருநூறு." தையல்காரரின் குரல் இறங்கிக்கொண்டே போனது. "மூணாவது சனிக்கிழமை, ஆயிரத்து இருநூறு. போன சனிக்கிழமை, ஆயிரத்து இருநூறு."

மளிகைக்கடைக்காரரின் மனைவி ஓரத்திலிருந்து நடுவுக்கு வந்துவிட்டாள்.

"நான் போடலை" என்றாள் அண்ணி. அவள் காதுக்கே அது பொய் மாதிரி இருந்தது.

பட்டன் அக்கா சீட்டை வாங்கினாள். எழுத்துத் தெரியாதவள், ஆனாலும் வரி வரியாக விரல் வைத்துப் பார்த்தாள். "எங்களுக்கெல்லாம் தேயுது. உனக்கு மட்டும் வாரா வாரம் ஏறுது." சீட்டை நாலாக மடித்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். "சொல்லு அண்ணி. யார் குடுத்த காசு?"

அண்ணி நாத்தனாரைப் பார்த்தாள். இந்த மேஜையில் உட்கார்ந்து, இந்த மிஷினில், அந்த நான்கு சனிக்கிழமையும் அந்தப் பணத்தை வாங்கிப் போட்டவள் அவள்தான். எடுக்கத்தான் கணக்குக்காரர் விரல் வேண்டும், போடக் கணக்கு நம்பர் போதும். அவளுக்குத் தெரியாமல் இருக்க வழியே இல்லை.

"யாரு பாப்பா?"

பாப்பா அவளைப் பார்க்கவில்லை. கூட்டத்தின் தலைகளுக்கு மேலே, தெருமுனையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணியும் திரும்பினாள். அங்கே பார்சல் வேன் வந்து நின்றிருந்தது. வேன்காரர் ஒரு காலைக் கீழே வைத்து இறங்கியிருந்தார். தையல் கடை வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்தார். நடுவில் நின்ற மனைவியைப் பார்த்தார்.

கீழே வைத்த காலை மேலே எடுத்துக்கொண்டு மறுபடி வேனில் ஏறிக் கதவைச் சாத்தினார்.